மானியம் நிலத்துக்கா, உழுபவருக்கா?

(விவசாய மானியம் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் சுவா சூ காங் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் சுவா சூ காங்கில் இருந்து வருகிறேன் என்று அறிமுகம் செய்தபோது சிலர் சிரித்தீர்கள். காரணம் எனக்குத் தெரியும். சுவா சூ காங் என்றாலே பலருக்கு இடுகாடு ஞாபகம் வரும். இன்னும் சிலருக்குப் பண்ணை ஞாபகம் வரும். சிங்கப்பூரில் விவசாயத்தைப் பற்றிப் பேச ஒருவரைத் தேடினால் எங்கள் பேட்டைக்குத்தான் வரவேண்டும். அந்தத் தகுதியில்தான் இங்கே நிற்கிறேன். எனக்கு இன்னொரு தகுதியும் உண்டு. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் என் பெயரும் என் அண்ணன் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவில் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. அந்தத் தோப்பைப் பற்றி இன்று உங்கள் முன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர், மானியமே கூடாது, அது சோம்பேறித்தனத்தை வளர்க்கும் என்றார். அவருக்கு முன் பேசிய சகோதரி, விவசாயிக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்றார். இரண்டு பேரும் எவ்வளவு கொடுப்பது என்றுதான் விவாதித்தார்கள். என் கேள்வி வேறு. யார் கையில் கொடுப்பது? அரசாங்கம் விவசாயி என்று யாரைச் சொல்கிறது? பத்திரம் வைத்திருப்பவரையா, இயந்திரம் வாங்குபவரையா, மண்ணில் கை வைப்பவரையா? இதற்குப் பதில் தெரியாமல் தொகையைக் கூட்டினாலும் குறைத்தாலும் பயனில்லை என்பதே என் கட்சி.

நம் வீட்டுப் பக்கத்தில் இருந்து தொடங்குவோம்

சுவா சூ காங் என்ற பெயரே விவசாயத்தில் இருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனத் தோட்டக்காரர்கள் ஆற்றங்கரைகளில் காடழித்து மிளகும் கேம்பியரும் பயிரிட்டார்கள். அப்படி ஓர் ஆற்றங்கரைக் குடியிருப்புக்குப் பொறுப்பாக இருந்தவருக்குக் காங்சூ என்று பெயர். சுவா என்பது குடும்பப் பெயர். சுவா குடும்பத்துத் தலைவரின் ஆற்றங்கரை என்பதுதான் சுவா சூ காங். பிறகு ரப்பர் வந்தது, தென்னை வந்தது, கோழி, பன்றி, காய்கறி எல்லாம் வந்தன. தேக்காவிலும் நம் மக்கள் மாடு வளர்த்துப் பால் கறந்து விற்ற காலம் உண்டு. பஃபலோ ரோடு என்ற பெயர் இன்றும் அதற்குச் சாட்சி.

1960களில் இந்தத் தீவில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பண்ணைகள் இருந்தன. இன்று விவசாயத்துக்கு இருக்கும் நிலம் ஏறத்தாழ 1 விழுக்காடு. நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. நடுவில் நடந்தது என்ன? 1970களில் கிராஞ்சி நீர்த்தேக்கம் வந்தது. குடிதண்ணீர் கெடக்கூடாது என்று அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த பன்றிப் பண்ணைகள் பொங்கோலுக்கு மாற்றப்பட்டன. 1984ல் பன்றி வளர்ப்பையே படிப்படியாக நிறுத்திவிடப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் அது முடிந்தது. அதே 1980களில் லிம் சூ காங், சுங்கை தெங்கா போன்ற இடங்களில் வேளாண் தொழில்நுட்பப் பூங்காக்கள் உருவாயின. 1990ல் சுவா சூ காங் எம்ஆர்டி நிலையம் திறந்தது. கம்பங்கள் இருந்த இடத்தில் புளோக்குகள் எழுந்தன. நான் குடியிருக்கும் புளோக்கின் கீழே ஒரு காலத்தில் யாரோ கீரைப் பாத்தி கட்டியிருப்பார்கள்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வீடும் தண்ணீரும் வேண்டும், நிலமோ கொஞ்சம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்து விவசாயிக்கு அரசாங்கம் கொடுத்த பெரிய பணம் இழப்பீடு. பயிர் செய்யச் சொல்லிக் கொடுத்த பணம் அல்ல, இடத்தைக் காலி செய்யக் கொடுத்த பணம்.

சிங்கப்பூர் கொடுக்கும் மானியம்

பிறகு காலம் மாறியது. உணவுப் பாதுகாப்பு என்ற பேச்சு வந்தது. 2009ல் 5 மில்லியன் வெள்ளியில் உணவு நிதி என்று ஒன்று தொடங்கியது. 2014ல் பண்ணைகளின் உற்பத்தித்திறனை உயர்த்த 63 மில்லியன் வெள்ளி. 2019ல் சிங்கப்பூர் உணவு அமைப்பு அமைக்கப்பட்டது. அதே ஆண்டில், 2030ஆம் ஆண்டுக்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே உற்பத்தி செய்யும் ஆற்றலைப் பெறுவோம் என்ற இலக்கு அறிவிக்கப்பட்டது. 2020ல் கொவிட் வந்தபோது, விரைவாக உற்பத்தியைப் பெருக்க 30 மில்லியன் வெள்ளி அறிவித்து, கடைசியில் 9 பண்ணைகளுக்கு 39.4 மில்லியன் வெள்ளி கொடுத்தார்கள். 2021ல் வேளாண் உணவுத் துறையை உருமாற்ற இன்னொரு 60 மில்லியன் வெள்ளி நிதி.

இந்தப் பணம் பெரும்பாலும் எதற்கு? அடுக்கு முறையில் கீரை வளர்க்கும் கட்டடம், விளக்கு, குளிரூட்டி, தானியங்கி அறுவடைக் கருவி, தண்ணீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் மீன் தொட்டி. செலவில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்கும். பொதுவாக இத்தகைய கூட்டு நிதித் திட்டங்களில் பண்ணைக்காரர் முதலில் தம் பணத்தைப் போடவேண்டும், பிறகு ஒரு பங்கு திரும்பி வரும். வீண் செலவைத் தடுக்க இது நல்ல முறை. இதில் ஊழலுக்கு இடம் குறைவு. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் விளைச்சல் என்ன ஆனது? 2022ல் நாம் சாப்பிட்ட காய்கறியில் 3.9 விழுக்காடு உள்ளூர் விளைச்சல். 2024ல் அது 3 விழுக்காடு. கடலுணவு 7.6ல் இருந்து ஏறத்தாழ 6 விழுக்காட்டுக்கு இறங்கியது. முட்டை மட்டும் 29ல் இருந்து 34 விழுக்காட்டுக்கு ஏறியது. மின்கட்டணம் ஏறியது, முதலீடு வற்றியது, உயர்தொழில்நுட்பப் பண்ணைகள் சில கதவைச் சாத்தின. 2025 நவம்பரில் 30 விழுக்காட்டு இலக்கையே அரசாங்கம் மாற்றிவிட்டது. 2035க்குள் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, புரத உணவில் 30 விழுக்காடு என்பது புதிய இலக்கு.

முட்டை ஏன் ஏறியது, கீரை ஏன் இறங்கியது? இரண்டுக்கும் உதவி இருந்தது. ஆனால் முட்டைக்கு அன்றாடம் வாங்க ஆள் இருக்கிறார். உள்ளூர் முட்டைக்கும் வெளியூர் முட்டைக்கும் விலையில் பெரிய தூரம் இல்லை. கீரையில் அப்படி இல்லை. ஈரச்சந்தையில் மலேசியாவில் இருந்து வந்த சாய் சிம் ஒரு கட்டும், கட்டடத்துக்குள் விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்த கீரை ஒரு பொட்டலமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நம் கை எதன் பக்கம் போகிறது? என் கை மலேசியக் கீரையின் பக்கம்தான் போயிருக்கிறது. இயந்திரம் வாங்க உதவி கிடைத்தது. விளைந்ததை வாங்க ஆள் கிடைக்கவில்லை.

லிம் சூ காங் சாலையில் ஒரு பெரியவர்

நான் சில சமயம் ஞாயிற்றுக்கிழமை காலையில் 975ஆம் எண் பேருந்தில் ஏறி லிம் சூ காங் பக்கம் போய்வருவேன். இடுகாட்டைத் தாண்டியதும் காற்றில் சாண வாசனை வரும். ஊர் ஞாபகம் வரும். அங்கே காய்கறி போட்டுக்கொண்டிருந்த ஒரு சீனப் பெரியவர் எனக்குப் பழக்கம். அவருடைய அப்பா காலத்தில் இருந்து விவசாயம். ஒரு தடவை, "அங்கிள், அரசாங்கம் உதவி கொடுக்கிறதே, நீங்கள் கேட்கவில்லையா?" என்று கேட்டேன்.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "பாதிப் பணத்தை அவர்கள் கொடுப்பார்கள். மீதிப் பாதியை நான் போட வேண்டும். எனக்கு எழுபது வயது. குத்தகை எப்போது முடியும் என்று எனக்கே தெரியாது. எந்த பேங்க் எனக்குக் கடன் கொடுக்கும்?" என்றார்.

அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. 2014ல் லிம் சூ காங்கில் 62 பண்ணைகள் தற்காப்பு அமைச்சின் பயன்பாட்டுக்காக இடம்விட வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. அவகாசம் சில முறை நீட்டிக்கப்பட்டது. 2017ல்தான் புதிய பண்ணை நிலங்களுக்கு 20 ஆண்டுக் குத்தகை என்று உறுதியானது. நிலம் எத்தனை நாள் தன் கையில் இருக்கும் என்று தெரியாதவன் பத்து வருடத்தில் காசு திரும்பும் இயந்திரத்தை எப்படி வாங்குவான்? அந்தப் பெரியவர் இப்போது விவசாயம் செய்யவில்லை. மகன் வீட்டில் இருக்கிறார். பால்கனியில் நான்கு தொட்டியில் மிளகாய்ச் செடி வைத்திருப்பதாகச் சொன்னார்.

ஆகவே சிங்கப்பூரைப் பற்றி நான் சொல்வது இதுதான். இங்கே மானியம் நேர்மையாகப் போகிறது. ஆனால் அது முதல் போட வசதி உள்ளவரைத் தேடிப் போகிறது. மண்ணைத் தெரிந்தவர் அந்த வரிசையில் நிற்க முடியவில்லை.

இப்போது ஊருக்குப் போவோம்

நேயர்களே, இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப் பேருக்காவது தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் ஏதோ ஒரு துண்டு நிலம் இருக்கும். இருக்கிறதா? கையைத் தூக்கவேண்டாம், சிரிப்பிலேயே தெரிகிறது.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் கரை கடந்தது. அன்று இங்கே யாருக்கும் வேலை ஓடவில்லை. கைப்பேசியில் ஊர் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அண்ணனிடம் பேசினேன். "வீட்டுக்கு ஒண்ணும் ஆகலடா. தோப்புதான் போச்சு" என்றார். எங்கள் தோப்பில் 120 மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. அப்பா காலத்தில் வைத்த மரங்கள். ஒரு தென்னை பலனுக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும். அது ஒரு பிள்ளை வளர்ப்பதைப் போல.

தமிழ்நாட்டு அரசு நிவாரணம் அறிவித்தது. சாய்ந்த ஒரு தென்னைக்கு 600 ரூபாய். அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய். ஆக ஒரு மரத்துக்கு 1,100. ஒரு ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டு 1,92,500 ரூபாய். எங்கள் 120 மரத்துக்கு 1,32,000 ரூபாய் வந்தது. பட்டா எங்கள் பெயரில் இருப்பதால் பணம் அண்ணன் கணக்குக்கு வந்தது. அவர் நேர்மையானவர். என் பாதி 66,000 ரூபாயை எனக்கென்று எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார். அன்றைய மதிப்பில் ஆயிரத்து இருநூறு வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தத் தொகைக்கு ஈடாக சிராங்கூன் சாலையில் மகளுக்கு ஒரு கைச்சங்கிலி வாங்கினேன். புயல் அடித்துப் போன தோப்பில் இருந்து ஒரு நல்ல காரியம் நடந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தத் தோப்பை நாங்கள் பார்க்கவில்லை. இருபது வருடமாகப் பார்த்தவர் குத்தகைக்காரர். மாமா என்று கூப்பிடுவேன். தண்ணீர் பாய்ச்சியது, உரம் வைத்தது, வண்டு விழுந்த குருத்துக்கு மருந்து வைத்தது, நடுவில் உளுந்து போட்டது எல்லாம் அவர். எங்களுக்கு வருடா வருடம் குத்தகைப் பணம் தவறாமல் வரும்.

புயல் முடிந்து சில மாதம் கழித்து ஊருக்குப் போனேன். தோப்பு வெறும் திடலாகக் கிடந்தது. மரத்தையெல்லாம் வெட்டி அப்புறப்படுத்தியிருந்தார்கள். "யார் மாமா வெட்டுனது?" என்று கேட்டேன்.

"நான்தான் மாப்ள. மெஷின் வாடகைக்கு எடுத்தேன். ஆள் கெடைக்கல, கூலி ரெட்டிப்பா கேட்டாங்க. அத்தை தோட்டை அடகு வச்சுத்தான் முடிச்சேன்."

"நிவாரணம் வந்துச்சே மாமா?"

"அது ஒங்களுக்குத்தானே வந்துச்சு. மரம் ஒங்களுது. தண்ணி ஊத்துனது மட்டும்தான் நம்மளுது."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு மரத்துக்கு 500 ரூபாய் என்று அரசாங்கம் கொடுத்ததே, அது மரத்தை வெட்டி அப்புறப்படுத்தத்தான். வெட்டியது அவர். அந்த 500 ரூபாயும் என் மகள் கையில் சங்கிலியாகிவிட்டது. நாங்கள் யாரும் திருடவில்லை. கையெழுத்துப் போலியில்லை. அதிகாரி யாரும் லஞ்சம் வாங்கவில்லை. எல்லாம் சட்டப்படி நடந்தது. சட்டப்படி நடந்தும் பணம் தப்பான ஆளிடம் வந்து சேர்ந்தது. நேயர்களே, நான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சொன்னது இதைத்தான்.

பட்டா இருந்தால்தான் விவசாயி

இது என் ஒருவனுடைய கதை என்றால் இந்த மேடைக்குக் கொண்டுவந்திருக்க மாட்டேன். ஊரில் விவசாயிக்குப் போகும் ஒவ்வொரு உதவியையும் எடுத்துப் பாருங்கள். இலவச மின்சாரம் உண்டு, மோட்டார் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. 2021 பிப்ரவரியில் கூட்டுறவு வங்கிகளில் 16 லட்சத்துக்கும் அதிகமான விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கவே சிட்டா, அடங்கல் வேண்டும். வாய்வார்த்தையில் குத்தகை ஓட்டுபவர் பெரும்பாலும் வட்டிக்காரரிடம்தான் வாங்கியிருப்பார். வட்டிக்காரர் எந்த ஊரில் தள்ளுபடி செய்தார்?

பிரதமரின் கிசான் திட்டத்தைப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக நேரே வங்கிக் கணக்குக்கு வரும். முதலில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு என்றார்கள். பிறகு நிலம் உள்ள எல்லாருக்கும் என்று விரித்தார்கள். வருமான வரி கட்டுபவர்களுக்குக் கிடையாது, நம்மைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் கிடையாது. அது சரி. ஆனால் நிலம் ஒருவர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். என் மாமாவைப் போல நாள் முழுக்க வயலில் நிற்கும் குத்தகைக்காரர் அந்தத் திட்டத்தின் கண்ணில் விவசாயியே இல்லை.

உழுபவரை வெளியே நிறுத்திய அதே திட்டத்தில் யார் யார் உள்ளே நுழைந்தார்கள் தெரியுமா? 2020ல் கொவிட் காலத்தில், விவசாயிகள் தாங்களே பதிவு செய்துகொள்ள வசதி செய்து கொடுத்தார்கள். அதிகாரிகளின் கடவுச்சொல்லை ஒப்பந்த ஊழியர்கள் சிலரும் கணினி மையக்காரர்கள் சிலரும் தவறாகப் பயன்படுத்தினார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களில் விவசாயத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் சேர்க்கப்பட்டார்கள். ஐந்தரை லட்சம் பேர், 110 கோடி ரூபாய் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் அப்போதைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். சிபிசிஐடி விசாரணை வந்தது, கைதுகள் நடந்தன, பணத்தைத் திரும்பப் பிடித்தார்கள். சேர்க்கப்பட்டவர்களில் பல பேர் ஏழைகள். ஏதோ கொரோனா உதவி என்று நம்பி ஆதார் அட்டையைக் கொடுத்தவர்கள்.

அமெரிக்காவில் மட்டும்?

இதெல்லாம் நம் ஊரில்தான் நடக்கும், முன்னேறிய நாட்டில் நடக்காது என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் மாவட்ட அளவிலேயே விவசாயத் துறைக்கு அலுவலகங்கள் உண்டு. கணினி உண்டு, கோப்பு உண்டு. அங்கே 2007ல் அரசாங்கத்தின் சொந்தத் தணிக்கை அலுவலகமே ஓர் அறிக்கை கொடுத்தது. 1999 முதல் 2005 வரை, இறந்துபோன 1,72,801 பேரின் பெயரில் 1.1 பில்லியன் டாலர் விவசாய உதவி போயிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் இன்னொன்றை வெளியிட்டது. 2000ஆம் ஆண்டில் இருந்து குறைந்தது 1.3 பில்லியன் டாலர் விவசாயமே செய்யாதவர்களுக்குப் போயிருந்தது. எப்படி? ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம் என்று பதிவேட்டில் இருந்தால் அன்று போதுமாக இருந்தது. அங்கே பிறகு வீடு கட்டிக் குடியிருந்தாலும் உதவி வந்தது. உதவி நிலத்தோடு ஒட்டிக்கொண்டது, ஆளோடு ஒட்டவில்லை.

ஆனால் அங்கே ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2001ல் ஒரு தன்னார்வ அமைப்பு யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்று பெயரோடு பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. எந்த மாவட்டத்தில் யார் பெரிய பணம் வாங்குகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிந்தது. அதன் பிறகுதான் கேள்வி பிறந்தது. இந்தியாவிலும் கிசான் திட்டத்தின் பயனாளிகள் பட்டியலைக் கிராம வாரியாகப் பார்க்க முடியும். நம்மில் எத்தனை பேர் நம் ஊர்ப் பட்டியலைப் பார்த்திருக்கிறோம்?

நாம் செய்யக்கூடியது

சரி, குறை சொல்லியாகிவிட்டது. வழி என்ன என்று அவைத்தலைவர் கேட்பார்.

வழி இல்லாமல் இல்லை. ஒடிசா மாநிலம் காலியா என்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோது குத்தகைக்கு உழுபவரையும் நிலமில்லாதவரையும் சேர்த்துக்கொண்டது. ஆந்திராவில் 2019ல் பயிர் செய்பவர் உரிமைச் சட்டம் வந்தது. நில உரிமையாளரும் குத்தகைக்காரரும் 11 மாதத்துக்கு ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். நில உரிமை உரிமையாளரிடமே இருக்கும். கடன், காப்பீடு, நிவாரணம் பயிர் செய்பவருக்குப் போகும். தமிழ்நாட்டிலும் குத்தகைதாரர்களைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் இருக்கிறது.

அப்படியானால் ஏன் நடக்கவில்லை? இங்கேதான் நாம் வருகிறோம். ஆந்திரச் சட்டத்திலும் உரிமையாளர் கையெழுத்துப் போடவேண்டும். அவர் பலமுறை போடுவதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், என் அண்ணன் வீட்டிலேயே கேட்டேன். மாமாவுக்கு ஒரு குத்தகைச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று சொன்னேன். அண்ணன் கையை உதறினார். "நீ சிங்கப்பூர்ல இருந்துகிட்டுப் பேசுற. எழுதிக் கொடுத்தா நிலம் போயிடும்டா. நாளைக்கு அவரு நல்லவரு, அவரு மகன் எப்படின்னு தெரியுமா?" என்றார். அவருடைய பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்த நாளில் இருந்து எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் இந்தப் பயம் அப்பாவிடம் இருந்து பிள்ளைக்கு வந்துகொண்டிருக்கிறது. உழுபவனைக் காப்பாற்ற வந்த சட்டத்துக்குப் பயந்தே உழுபவன் பெயரை எழுதாமல் விட்டோம். எழுதாததால் அவனுக்கு எந்த உதவியும் போகவில்லை.

என்னால் முடிந்ததை நான் செய்தேன். என் பங்கு 66,000 ரூபாயை இரண்டு தவணையாக மாமாவிடம் கொடுத்தேன். முதலில் வாங்கவில்லை. "இது என்ன மாப்ள, தானமா?" என்று கேட்டார். "இல்லை மாமா, பாக்கி" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாக்கின்னா கணக்குல எழுதிக்குவோம்" என்று வாங்கிக்கொண்டார். அத்தையின் தோடு திரும்பி வந்தது. புதுக் கன்று வைத்தார். இப்போது அந்தத் தென்னைகள் பாளை விட்டுவிட்டன.

குத்தகைச் சீட்டு இன்னும் எழுதவில்லை. அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் போகும்போது அந்தப் பேச்சை எடுக்கிறேன். போன தடவை அவர் கோபப்படவில்லை, பேச்சை மாற்றினார். அதை நான் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே நேயர்களிடம் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் இன்று இரவே வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். நம் நிலத்தை உழுவது யார்? நம் பட்டாவின் பெயரில் கடைசியாக வந்த நிவாரணம், காப்பீடு, மானியம் யாரிடம் போனது? பயிருக்கு வந்த பணம் என்றால் பயிர் வைத்தவரிடம் சேர்த்துவிடுங்கள். அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

இரண்டாவது, குத்தகையை எழுத்தில் கொண்டுவாருங்கள். பயமாக இருந்தால் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள். நாம் இங்கே ஓர் அறையை வாடகைக்கு விடுவதென்றாலும் ஒப்பந்தம் எழுதுகிறோம். இருபது வருடம் நம் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவருக்கு ஒரு தாள் எழுதிக் கொடுக்க யோசிக்கிறோம்.

மூன்றாவது, சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு. 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது கோழிச் சோற்றுக் கடைகளின் முன்னால் நின்று கவலைப்பட்டோம். அந்தக் கவலை அன்றோடு போய்விட்டது. அரசாங்கம் பண்ணைக்கு இயந்திரம் வாங்கப் பணம் கொடுக்கலாம். விளைந்ததை வாங்குவது நம் கையில் இருக்கிறது. எல்லா நாளும் முடியாவிட்டால் வாரத்தில் ஒரு நாளாவது உள்ளூர்க் கீரை, உள்ளூர் மீன் வாங்குவோம். அரசாங்கத்திடமும் ஒன்று கேட்போம். உதவி கேட்டு வருபவரிடம் எவ்வளவு முதல் இருக்கிறது என்று பார்க்கும்போது, எத்தனை வருட அனுபவம் இருக்கிறது என்பதற்கும் ஓர் எடை கொடுங்கள். அந்த லிம் சூ காங் பெரியவருக்குத் தெரிந்த மண், எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. அது இப்போது நான்கு பூந்தொட்டியில் அடங்கிக் கிடக்கிறது.

எனக்கு முன் பேசிய நண்பருக்கு ஒரு வார்த்தை. மானியம் சோம்பேறித்தனத்தை வளர்க்கும் என்றீர்கள். ஐயா, என் விஷயத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வேலை செய்யாமல் பணம் வாங்கிய சோம்பேறி நான்தான். உழைத்தவர் வாங்கவே இல்லை. அவர் வாங்கிப் பார்க்கட்டும், அதன் பிறகு அவர் சோம்பேறி ஆகிறாரா என்று நாம் பேசலாம்.

மகளிடம் அந்தக் கைச்சங்கிலியின் கதையைச் சொல்லிவிட்டேன். அடுத்த பொங்கலுக்கு அவளும் ஊருக்கு வருகிறாள். தோப்பைப் பார்க்கவேண்டும் என்றாள். மாமாவைப் பார்க்கவேண்டும் என்று நான் சேர்த்துக்கொண்டேன்.